இசட்-ஷெல்லின் டேப் நிரப்பலைச் சரிசெய்தது: ரூட் பெயரில் தங்கிப்போன கேஷ் அடைவும் எண்ணிக்கையை மட்டும் நம்பும் டம்ப் கோப்பும்

எங்கள் குழு பொதுவில் பயன்படுத்தும் உபுண்டு சர்வரில் ஒரு சக ஊழியரின் கணக்கில் மட்டும் ஷெல் (கட்டளைகளை ஏற்று ஓட்டும் நிரல்) திறந்து ப்ராம்ப்ட் (கட்டளைக்காகக் காத்திருக்கும் வரி) வருவதற்கு ஒரு நொடிக்கும் மேல் பிடிக்கிறது என்பது முதல் புகார். குழுவே எழுதிப் பராமரிக்கும் ஒரு கட்டளைக் கருவிக்கு டேப் விசையை அழுத்தினால் மற்ற எல்லோருக்கும் துணைக்கட்டளைகள் வரிசையாக வருகின்றன, அவருக்கு மட்டும் எதுவும் வருவதில்லை என்பது இரண்டாவது. இரண்டும் தொடர்பில்லாத கோளாறுகள் என்றே அவர் எண்ணியிருந்தார். அவர் பயன்படுத்துவது இசட்-ஷெல். சர்வர் உபுண்டு 18.04 ஆக நிறுவப்பட்டு, பின்னர் 20.04 வழியாக 22.04-க்கு மேம்படுத்தப்பட்டது. இந்த மேம்படுத்தலை அவர் பேச்சோடு பேச்சாகத்தான் குறிப்பிட்டார். முதல் புகாரின் விடையில் பாதி அதில் இருந்தது.

டேப் அழுத்தினால் கட்டளையை நிறைவுசெய்து தரும் இசட்-ஷெல்லின் நிரப்பல் அமைப்பு எப்படி இயங்குகிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்லாமல் பழுதை விளக்க முடியாது. ஒவ்வொரு கட்டளைக்கும் உரிய நிரப்பல் விதிகள் தனித்தனிக் கோப்புகளில் ஷெல் ஃபங்ஷன்களாக எழுதப்பட்டிருக்கின்றன. அக்கோப்புகளின் பெயர்கள் அடிக்கோட்டில் தொடங்கும். அவற்றை எந்தெந்த அடைவுகளில் தேட வேண்டும் என்பதை எஃப்பாத் என்ற மாறி சொல்கிறது. ஷெல் தொடங்கும்போது கம்ப்இனிட் என்ற ஃபங்ஷன் அந்த அடைவுகள் அனைத்தையும் சுற்றிவந்து, ஒவ்வொரு கோப்பின் முதல் வரியையும் படித்து, கம்ப்டெஃப் என்ற குறிக்குப் பின்னால் அங்கே எழுதப்பட்டுள்ள கட்டளைப் பெயர்களை அந்த ஃபங்ஷனோடு இணைத்து ஓர் அட்டவணையில் பதிகிறது. எங்கள் சர்வரில் இத்தகைய கோப்புகள் 900-ஐ ஒட்டி இருந்தன. ஒவ்வொரு முறையும் அத்தனையையும் திறந்து படிப்பது வீண் வேலை என்பதால், கிடைத்த இணைப்புகளை கம்ப்டம்ப் என்ற இன்னொரு ஃபங்ஷன் ஒரே கோப்பில் எழுதி வைத்துவிடுகிறது. வேறு இடம் குறிப்பிடப்படாவிட்டால் ஹோம் அடைவில் புள்ளியில் தொடங்கும் இசட்கம்ப்டம்ப் என்ற பெயரில் அது உருவாகும். அடுத்த முறை ஷெல் திறக்கும்போது அந்த ஒரு கோப்பைப் படித்தால் போதும்.

பாஷ் என்ற மற்றொரு ஷெல்லின் பயனர்களுக்கு இந்தத் தொல்லை இல்லாததற்குக் காரணம் உண்டு. பாஷ்-கம்ப்ளீஷன் தொகுப்பு, கட்டளையின் பெயரிலேயே ஒரு கோப்பைத் தேடி, டேப் அழுத்தப்பட்ட பிறகுதான் அதை ஏற்றுகிறது. முன்கூட்டிய அட்டவணை அதற்குத் தேவைப்படுவதில்லை. இசட்-ஷெல்லில் ஒரே கோப்பு பல கட்டளைகளுக்கும், சில வேளைகளில் ஒரு பெயர் வடிவத்துக்குப் பொருந்தும் எல்லாக் கட்டளைகளுக்கும் பொறுப்பேற்கலாம் என்பதால் அட்டவணையைத் தவிர்க்க வழியில்லை.

அந்த டம்ப் கோப்பு இன்னும் செல்லுபடியாகுமா என்பதைக் கம்ப்இனிட் எப்படித் தீர்மானிக்கிறது என்பதுதான் இங்கே முக்கியம். டம்ப் கோப்பின் முதல் வரியில் இரண்டே தகவல்கள் இருக்கின்றன: அது உருவானபோது இருந்த நிரப்பல் கோப்புகளின் எண்ணிக்கை, அதை உருவாக்கிய இசட்-ஷெல்லின் பதிப்பு எண். இவை இரண்டும் இப்போதைய நிலையோடு பொருந்தினால் டம்ப் ஏற்கப்படும். ஒன்று மாறினாலும் எல்லாக் கோப்புகளும் மறுபடி படிக்கப்பட்டு டம்ப் புதிதாக எழுதப்படும். கோப்புகளின் உள்ளடக்கமோ, அவை மாற்றப்பட்ட நேரமோ, அவற்றின் பெயர்களோ ஒப்பிடப்படுவதில்லை. நூலகத்தில் எத்தனை புத்தகங்கள் இருக்கின்றன என்று மட்டும் எண்ணிப் பார்த்துவிட்டு, பழைய நூற்பட்டியலே சரி என்று முடிவு செய்வதைப் போன்றது இது. பெரும்பாலும் இது போதும் என்பதையும் மறுக்க முடியாது; புதிய தொகுப்பு நிறுவப்படும்போது எண்ணிக்கை கூடத்தான் செய்கிறது.

முதல் வேலையாக நேரத்தை அளந்தேன். இன்டராக்டிவ் ஷெல் ஒன்றைத் திறந்து உடனே மூடும் கட்டளையை டைம் கொண்டு ஓட்டியபோது ஒரு நொடிக்கு மேல் காட்டியது. பயனரின் அமைப்புக் கோப்புகளைப் படிக்காமல் ஷெல்லைத் திறக்கும் -எஃப் விருப்பத்தோடு ஓட்டியபோது கணப்பொழுதில் முடிந்தது. அடுத்து, ஷெல் தொடங்கும்போது படிக்கும் பயனரின் அமைப்புக் கோப்பான இசட்எஸ்எச்ஆர்சி கோப்பின் தலையில், எந்த ஃபங்ஷன் எத்தனை முறை, எவ்வளவு நேரம் ஓடியது என்று கணக்கிடும் இசட்ப்ராஃப் மாட்யூலை ஏற்றி, கோப்பின் இறுதியில் அதன் அறிக்கையை அச்சிட வைத்தேன். அறிக்கையில் பார்க்க வேண்டியது விழுக்காடுகளை விட அழைப்புகளின் எண்ணிக்கையை. டம்ப் ஒழுங்காக ஏற்கப்பட்டால் கம்ப்டெஃப் ஃபங்ஷன் சில முறையே அழைக்கப்பட்டிருக்கும், கம்ப்டம்ப்பின் பெயரே அறிக்கையில் வராது. இங்கே கம்ப்டெஃப் நூற்றுக்கணக்கான முறை அழைக்கப்பட்டிருந்தது, கம்ப்டம்ப்பும் இருந்தது. அதாவது ஒவ்வொரு முறையும் அட்டவணை முழுவதும் புதிதாகக் கட்டப்படுகிறது, எழுதும் முயற்சியும் நடக்கிறது, ஆனாலும் அடுத்த முறை அது பயன்படுவதில்லை. போதாக்குறைக்குக் கம்ப்இனிட் ஒரு முறைக்குப் பதில் இரண்டு முறை ஓடியிருந்தது. அந்த இரண்டாவது ஓட்டத்தைப் பிறகு பார்க்கலாம் என்று ஒதுக்கிவைத்தேன்.

அவருடைய இசட்எஸ்எச்ஆர்சி கோப்பு, டம்ப்பை ஹோம் அடைவில் நேரடியாக வைக்காமல், ~/.கேஷ் என்பதற்குள் இசட்எஸ்எச் என்ற துணை அடைவை உருவாக்கி அதில் வைக்கச் சொல்லியிருந்தது. ஹோம் அடைவைத் துப்புரவாக வைத்திருக்க விரும்பும் பலரும் செய்வதுதான். அங்கே போய் டம்ப்பின் முதல் வரியைப் பார்த்ததும் விஷயம் துலங்கியது. பதிப்பு எண் 5.4.2 என்று இருந்தது. அது உபுண்டு 18.04 உடன் வந்த இசட்-ஷெல், 22.04-இல் இருப்பது 5.8.1. மேம்படுத்தல் நடந்து இவ்வளவு காலமாகியும் டம்ப் ஒரு முறைகூடப் புதுப்பிக்கப்படவில்லை. நீளப் பட்டியலில் பார்த்தால், கோப்பின் உரிமையாளர் ரூட், அதாவது முழு உரிமையுள்ள நிர்வாகக் கணக்கு. அது இருக்கும் அடைவின் உரிமையாளரும் ரூட். அடைவின் அனுமதி 755. எனவே என் சக ஊழியரால் அதைப் படிக்க முடியும், அதற்குள் எழுத முடியாது.

ஒருவரின் ஹோம் அடைவுக்குள் ரூட் பெயரில் ஒரு கேஷ் அடைவு எப்படி வந்தது? உபுண்டுவில் 19.10 பதிப்புக்கு முன்பு வரை, ரூட் உரிமையோடு பிற கட்டளைகளை ஓட்டித்தரும் சூடோ கட்டளை, ஹோம் அடைவு எது என்று சொல்லும் ஹோம் மாறியை மாற்றாமல் அழைத்தவருடையதாகவே விட்டுவிடும். சூடோவை -எஸ் விருப்பத்தோடு அழைத்தால், பயனரின் ஷெல் எதுவோ அதையே ரூட் உரிமையோடு திறக்கும். இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்றால், ரூட்டாக ஓடும் இசட்-ஷெல் பயனருடைய இசட்எஸ்எச்ஆர்சி கோப்பைப் படித்து, அதிலுள்ள அடைவை உருவாக்கும் வரியை ரூட்டாகவே நிறைவேற்றும். அந்த வரி சேர்க்கப்பட்ட பின் முதலில் திறக்கப்பட்டது ரூட் ஷெல்லாக இருந்திருந்தால், அடைவு ரூட்டுக்குச் சொந்தமாகிவிடும், டம்ப்பும் அப்படியே. அந்த நாளில் எந்தத் தொல்லையும் தெரிந்திருக்காது. எழுத முடியாவிட்டாலும் படிக்க முடியும். கோப்புகளின் எண்ணிக்கையும் பதிப்பும் பொருந்தின. எனவே ரூட் எழுதிய டம்ப்பை இவர் ஷெல் மகிழ்ச்சியாகப் படித்துக்கொண்டிருந்தது. மேம்படுத்தலில் பதிப்பு எண் மாறிய பிறகுதான், புதிதாக எழுத வேண்டிய தேவையும் எழுத முடியாத நிலையும் சந்தித்துக்கொண்டன.

இவ்வளவு காலம் ஒரு பிழைச்செய்தி கூட வராதது ஏன் என்பது எனக்கு உறுத்தலாக இருந்ததால், கம்ப்டம்ப் ஃபங்ஷனின் மூலத்தைத் திறந்து படித்தேன். அது சிறிய ஷெல் நிரல்தான். தொடக்கத்திலேயே, டம்ப் எழுதப்பட வேண்டிய அடைவில் எழுதும் அனுமதி இருக்கிறதா என்று ஒரு சோதனை இருக்கிறது; இல்லையென்றால் 1 என்ற நிலைக்குறியோடு திரும்பிவிடுகிறது, வாய் திறப்பதில்லை. கம்ப்இனிட்டும் அந்த நிலைக்குறியைப் பயனருக்கு எடுத்துச் சொல்வதில்லை. கையால் கம்ப்டம்ப்பை ஓட்டி, உடனே வெளியேறு நிலையை அச்சிட்டுப் பார்த்தபோது 1 என்றே வந்தது. நிரப்பல் என்பது ஒரு வசதிதானே, அதற்காக ஷெல் திறக்கும்போது பயனரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று எழுதியவர்கள் நினைத்திருக்கலாம். நியாயம்தான். ஆனால் கேஷ் எழுத முடியாமல் போனால், கேஷே இல்லாததை விட மோசமான நிலை உருவாகிறது: கட்டும் செலவு ஒவ்வொரு முறையும் தொடர்கிறது, காரணம் வெளியே தெரிவதில்லை.

இந்த இடத்தில் கோப்பின் உரிமைக்கும் அடைவின் உரிமைக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். கம்ப்டம்ப் நேரடியாக டம்ப் கோப்பின் மீது எழுதுவதில்லை. கணினியின் பெயரும் ப்ராசஸ் எண்ணும் பின்னொட்டாக உள்ள தற்காலிகக் கோப்பு ஒன்றை அதே அடைவில் எழுதி, முடித்ததும் எம்வி கட்டளையால் பழைய பெயருக்கு நகர்த்துகிறது. யூனிக்ஸில் பெயர் மாற்றுவதற்குத் தேவை அடைவில் எழுதும் உரிமைதான். மறையப்போகும் பழைய கோப்பு யாருக்குச் சொந்தம் என்பது பொருட்டில்லை. ஆகவே டம்ப் ஹோம் அடைவில் நேரடியாக இருந்து, அது மட்டும் ரூட் பெயரில் இருந்திருந்தால், அடுத்த முறை எண்ணிக்கை மாறும்போதே பழுது தானாகக் குணமாகியிருக்கும். துணை அடைவே ரூட் வசம் போனதால்தான் குணமாகவில்லை. நிரப்பலில் கோளாறு என்றால் டம்ப் கோப்பை அழித்துவிடு என்று பொதுவாகச் சொல்லப்படும் அறிவுரையும் இங்கே பயன்படாது. பயனராக அழிக்க முயன்றால் அனுமதி மறுக்கப்படும். சூடோ கொண்டு அழித்தால், புதிய டம்ப்பை எழுத முடியாத அடைவு அப்படியே எஞ்சும்.

திருத்தம் ஒரே கட்டளை: சிஎச்ஓன் கொண்டு அந்த அடைவையும் உள்ளே இருப்பவற்றையும் மொத்தமாக அவர் பெயருக்கு மாற்றினேன். அதே அடைவுக்குள் நிரப்பலின் இன்னொரு கேஷும் இருந்தது. நிறுவக்கூடிய தொகுப்புகளின் பெயர்கள் போன்ற, திரட்ட நேரமெடுக்கும் விடைகளை யூஸ்-கேஷ் என்ற அமைப்பு தனிக் கோப்புகளில் சேமிக்கும். டம்ப்போடு அதற்கு உறவில்லை, அது பழசாகிவிட்டதா என்பதை முடிவு செய்ய வேறு விதி இருக்கிறது. அதன் கோப்புகளும் ரூட் பெயரில் உறைந்திருந்தன. உரிமை மாற்றத்தில் அவையும் சேர்ந்து சரியாயின. புதிய ஷெல் ஒன்றைத் திறந்ததும் டம்ப்பின் முதல் வரியில் 5.8.1 என்று மாறியது. அதற்கடுத்த ஷெல்லின் இசட்ப்ராஃப் அறிக்கையில் கம்ப்டம்ப் காணவில்லை.

ஒதுக்கிவைத்த இரண்டாவது கம்ப்இனிட்டுக்கு வருகிறேன். உபுண்டு தன் பொது அமைப்புக் கோப்பான /ஈடிசி/இசட்எஸ்எச்/இசட்எஸ்எச்ஆர்சி என்பதிலேயே கம்ப்இனிட்டை ஓட்டுகிறது. பயனரின் இசட்எஸ்எச்ஆர்சி அதற்குப் பின்னால்தான் படிக்கப்படுகிறது; அங்கே இன்னொரு முறை ஓடுகிறது. இவர் விஷயத்தில் இரண்டும் வெவ்வேறு டம்ப் கோப்புகளைப் பயன்படுத்தியதால் நேர விரயத்தோடு போயிற்று. டம்ப்பின் இடத்தை மாற்றாமல் விட்டவர்களுக்கு நிலைமை இன்னும் மோசமாகும். முதல் ஓட்டத்தில் எஃப்பாத் மாறியில் பயனரின் சொந்த அடைவுகள் இன்னும் சேர்ந்திருக்காது. எண்ணிக்கை குறைவாக இருப்பதால் டம்ப் பொருந்தாமல் புதிதாக எழுதப்படும். இரண்டாவது ஓட்டத்தில் சொந்த அடைவுகளும் சேர்ந்து எண்ணிக்கை கூடும். சற்று முன்பு எழுதியதே பொருந்தாமல் மறுபடியும் எழுதப்படும். உரிமைகள் எல்லாம் சரியாக இருந்தும், ஒவ்வொரு ஷெல்லும் ஒரே கோப்பை இருமுறை அழித்தெழுதிக்கொண்டே இருக்கும். ஸ்கிப்_குளோபல்_கம்ப்இனிட் என்ற மாறிக்கு 1 என்ற மதிப்பை, எல்லாவற்றுக்கும் முன்பே படிக்கப்படும் இசட்எஸ்எச்என்வ் கோப்பில் கொடுத்தால் பொதுக் கோப்பு அந்தப் படியைத் தாண்டிவிடும். இசட்எஸ்எச்ஆர்சி கோப்பில் கொடுத்தால் பயனில்லை, அதற்குள் காலம் கடந்திருக்கும். இதைச் செய்தபின் ப்ராம்ப்ட் உடனடியாக வரத் தொடங்கியது.

இரண்டாவது புகார் உரிமையின் மறுபக்கம். குழுக் கருவியின் நிரப்பல் கோப்பு, /எஸ்ஆர்வி அடைவின் கீழே எல்லோரும் மாற்றக்கூடிய ஒரு பொது அடைவில் இருந்தது. குழு உறுப்பினர் அனைவருக்கும் எழுதும் உரிமை. கம்ப்இனிட் அட்டவணையைக் கட்டும் முன் கம்ப்ஆடிட் என்ற தணிக்கையை ஓட்டுகிறது. ரூட்டுக்கோ இப்போதைய பயனருக்கோ சொந்தமில்லாத கோப்புகளையும் அடைவுகளையும், குழுவினரோ மற்றவர்களோ எழுதக்கூடிய அடைவுகளையும் அது பாதுகாப்பற்றவை என்று பட்டியலிடும். கம்ப்இனிட்டை விருப்பம் எதுவும் இன்றி அழைத்தால், அவற்றை விட்டுவிட்டுத் தொடரட்டுமா, நிறுத்தட்டுமா என்று பயனரைக் கேட்கும். -ஐ என்று கொடுத்தால் கேட்காமல் அவற்றைத் தவிர்த்துவிடும். -யு என்று கொடுத்தால் கேட்காமல் எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ளும். என் சக ஊழியர் -ஐ கொடுத்திருந்தார்; குழுவில் மற்றவர்கள் -யு கொடுத்திருந்தார்கள். அவருக்கு மட்டும் நிரப்பல் வராததன் முழுக் காரணமும் இவ்வளவுதான். அவருடைய அமைப்புதான் பிழையானது என்று பிறர் எண்ணியிருந்தாலும், உண்மையில் எச்சரிக்கையாக இருந்தவர் அவரே.

அவரும் -யு கொடுத்துவிட்டால் ஒரு நிமிட வேலை. நான் அதற்கு உடன்படவில்லை. நிரப்பல் கோப்பு என்பது வெறும் சொற்பட்டியல் இல்லை, அது நிரல். டேப் விசை அழுத்தப்படும் கணத்தில், அழுத்தியவரின் முழு உரிமையோடு, அவருடைய ஷெல்லுக்குள்ளேயே அது ஓடுகிறது. அழுத்தியவர் அந்நேரம் ரூட் ஷெல்லில் இருந்தால் ரூட்டாகவே ஓடும். குழுவில் எல்லோரும் நம்பிக்கைக்குரியவர்களாக இருக்கலாம். ஆனால் அவர்களில் ஒருவரின் கணக்கு வெளியாள் கைக்குப் போனால், அந்த ஒரே கோப்பின் வழியாக மற்ற எல்லோரின் கணக்குகளும் போகும். எனவே கோப்பை இடம் மாற்றுவதே சரி என்று முடிவு செய்தோம். /யூஎஸ்ஆர்/லோக்கல்/ஷேர்/இசட்எஸ்எச்/சைட்-ஃபங்ஷன்ஸ் என்ற அடைவு டெபியனிலும் உபுண்டுவிலும் இயல்பாகவே எஃப்பாத்தில் இருக்கிறது. கருவியை வெளியிடும் மேக்ஃபைலில், நிரப்பல் கோப்பை ரூட் உரிமையோடும் 644 அனுமதியோடும் அங்கே நிறுவும் ஒரு படியைச் சேர்த்தோம். மாற்றம் செய்பவர் வழக்கம்போலக் களஞ்சியத்தில் செய்யலாம். பலரும் எழுதக்கூடிய அடைவிலிருந்து ஷெல் நேரடியாகப் படிப்பது நின்றது. அதன் பிறகு மற்றவர்களின் -யு விருப்பத்தையும் நீக்கினோம்.

தணிக்கையில் இரண்டு விதிவிலக்குகள் எழுதப்பட்டிருக்கின்றன; இவை தெரியாவிட்டால் அதன் முடிவுகள் முரண்படுவது போலத் தோன்றும். பயனரின் பெயரிலேயே உள்ள தனிக் குழுவில் வேறு உறுப்பினர் இல்லையென்றால், அந்தக் குழுவுக்கு எழுதும் உரிமை இருந்தாலும் அடைவு ஏற்கப்படும். டெபியன் கணினிகளில் /யூஎஸ்ஆர்/லோக்கல் அடைவின் கீழ் ஸ்டாஃப் குழு எழுதக்கூடிய அடைவுகளும், அவை ரூட்டுக்குச் சொந்தமானவையாக இருக்கும்வரை, விலக்குப் பெறுகின்றன. உங்கள் தனிக் குழுவில் யாரையாவது புதிதாகச் சேர்த்தால், நேற்றுவரை எச்சரிக்காத அடைவு இன்று எச்சரிக்கும். அடைவில் எதுவும் மாறியிராது.

2019-இல் வெளிவந்த கேட்டலினா முதல் மேக்ஓஎஸ் இசட்-ஷெல்லை இயல்பு ஷெல்லாக ஆக்கியதால், அங்கேயும் இதே எச்சரிக்கையைப் பலர் சந்திக்கிறார்கள். மென்பொருள் தொகுப்புகளை நிறுவித்தரும் ஹோம்ப்ரூவை ஒரு கணக்கு நிறுவி, அதே கணினியில் இன்னொரு கணக்கு அதன் நிரப்பல்களைப் பயன்படுத்த முயல்வது வழக்கமான சூழல். குழுவின் எழுதும் உரிமையை சிஎச்மோட் கொண்டு நீக்குவது நல்ல பழக்கம்தான். ஆனால் இரண்டாவது கணக்கின் சிக்கல் அதனால் தீராது. கோப்புகள் இன்னும் முதல் கணக்குக்கே சொந்தமாக இருக்கின்றன, தணிக்கை பார்ப்பது அதையும்தான். கம்ப்ஆடிட் அச்சிடும் பட்டியல் காரணத்தைச் சொல்வதில்லை. எனவே அனுமதியா உரிமையா என்பதை நீளப் பட்டியலில் நாமே பார்த்துக்கொள்ள வேண்டும்.

நிரப்பல் கோப்பு புதிய இடத்துக்கு வந்ததும் எண்ணிக்கை ஒன்று கூடி, டம்ப் தானாகப் புதுப்பிக்கப்பட்டு, அவருக்கும் துணைக்கட்டளைகள் வந்தன. சில வாரங்கள் கழித்து எண்ணிக்கைச் சோதனையின் பலவீனம் வெளிப்பட்டது. கருவிக்குச் சுருக்கமான இரண்டாவது பெயர் ஒன்று வைக்கப்பட்டு, நிரப்பல் கோப்பின் முதல் வரியில் அதுவும் சேர்க்கப்பட்டது. பழைய பெயருக்கு எல்லாம் வந்தன, புதிய பெயருக்கு ஒருவருக்கும் எதுவும் வரவில்லை. அதே திருத்தத்தில் சேர்க்கப்பட்ட புதிய துணைக்கட்டளை ஒன்று மட்டும் பழைய பெயரின் வழியாகத் தெரிந்தது. கோப்பின் ஒரு பகுதி புதியதாகவும் இன்னொரு பகுதி பழையதாகவும் நடந்துகொண்டது குழுவைக் குழப்பியது. டம்ப்பில் இருப்பது எந்தக் கட்டளைக்கு எந்த ஃபங்ஷன் என்ற இணைப்பும், ஃபங்ஷன்களின் பெயர்களும்தான். ஃபங்ஷனின் உடல், ஒவ்வொரு ஷெல்லிலும் முதல் டேப் அழுத்தத்தின்போது எஃப்பாத் வழியாகத் தேடிப் படிக்கப்படுகிறது. ஆகவே உடலில் செய்த மாற்றம் புதிய ஷெல்லில் உடனே தெரியும். முதல் வரியில் செய்த மாற்றம் டம்ப் மறுபடி கட்டப்படும்வரை தெரியாது. இதை உறுதிசெய்ய _கம்ப்ஸ் என்ற அட்டவணையில் புதிய பெயருக்கு என்ன இருக்கிறது என்று அச்சிட்டால் போதும். காலியாக வந்தது.

டம்ப்பை 24 மணிநேரத்துக்கு ஒரு முறை மட்டும் சரிபார்த்து, மற்ற வேளைகளில் பெரிய எழுத்து -சி விருப்பத்தோடு சோதனையின்றி ஏற்றும் சிறு நிரல் ஒன்று பலருடைய இசட்எஸ்எச்ஆர்சி கோப்புகளில் இருக்கிறது. அதை இங்கே போடலாமா என்ற யோசனை வந்தது. எனக்கு அதில் மூன்று தயக்கங்கள். டம்ப்பின் வயதை அது கோப்புப் பெயர் விரிவாக்கத்தின் மூலம் சோதிக்கிறது. எக்ஸ்டென்டட்-குளோப் அமைப்பு இயக்கப்படாத ஷெல்லில் அந்த விரிவாக்கம் நடக்காமல், சோதனை எப்போதும் மெய் என்றே முடியும். அமைப்பு இயக்கப்பட்டிருந்தாலும், 24 மணிநேரம் கடந்தபின் ஓடும் முழுச் சரிபார்ப்பில் எண்ணிக்கையும் பதிப்பும் பொருந்திவிட்டால் டம்ப் திரும்ப எழுதப்படுவதில்லை. அதன் நேரம் பழையதாகவே இருப்பதால், டச் கட்டளையைக் கூடவே சேர்க்காதவரை, அன்று முதல் ஒவ்வொரு ஷெல்லும் முழுச் சரிபார்ப்பைச் செய்யும். மூன்றாவது, டம்ப் இருக்கும்போது -சி விருப்பம் பாதுகாப்புத் தணிக்கையையும் சேர்த்தே தவிர்க்கிறது. டம்ப்பில் ஃபங்ஷனின் உடல் இல்லை என்பதை நினைவில் கொண்டால், நேற்றைய தணிக்கை இன்று படிக்கப்படும் கோப்புக்கு உத்தரவாதம் ஆகாது.

அதற்குப் பதிலாக நேரத்தை ஒப்பிடும் ஒரு சோதனையை எழுதினேன். எஃப்பாத்தில் உள்ள அடைவுகளில் ஏதேனும் ஒன்றோ, அவற்றுள் அடிக்கோட்டில் தொடங்கும் கோப்புகளில் ஏதேனும் ஒன்றோ டம்ப்பை விடப் புதியதாக இருந்தால், டம்ப் அழிக்கப்பட்டு கம்ப்இனிட் அழைக்கப்படும். அடைவுகளையும் கோப்புகளையும் சேர்த்துப் பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. இருக்கும் கோப்பை அதே இடத்தில் திருத்தினால் கோப்பின் நேரம் மாறும், அடைவின் நேரம் மாறாமல் போகலாம். டெபியன் தொகுப்பாக நிறுவப்படும் கோப்பு, தொகுப்பு கட்டப்பட்டபோது இருந்த பழைய நேரத்தையே சுமந்துவரும். அப்போது மாறுவது அடைவின் நேரம் மட்டுமே. கிட்டத்தட்ட 900 கோப்புகளின் நேரத்தைக் கேட்பது, அவற்றைத் திறந்து படிப்பதை விட மிக மலிவு. ப்ராம்ப்ட்டில் வேறுபாடு தெரியவில்லை. ஏதாவது ஒரு கோப்பின் நேரம் எதிர்காலத்தில் இருந்தால் இந்தச் சோதனை ஒவ்வொரு முறையும் டம்ப்பை அழிக்கும். கடிகாரம் பிசகிய கணினியிலிருந்து நகலெடுத்த கோப்புகள் இருந்தால் அதைக் கவனிக்க வேண்டும்.

இசட்கம்பைல் கொண்டு தொகுக்கப்பட்ட கோப்புகளும் இதே நேர ஒப்பீட்டைத்தான் நம்புகின்றன. மூலக் கோப்பின் பக்கத்தில் தொகுத்த வடிவம் இருந்து, அது மூலத்தை விடப் பழையதாக இல்லையென்றால், ஷெல் தொகுத்த வடிவத்தையே எடுத்துக்கொள்ளும். பழைய நேரத்தைக் காக்கும் விருப்பத்தோடு ஆர்சின்க் என்ற நகலெடுப்புக் கருவியால் கொண்டுவந்த மூலக் கோப்பு, ஏற்கெனவே அங்கே கிடக்கும் தொகுத்த வடிவத்தை விடப் பழையதாகத் தோன்றலாம். அப்போது மூலத்தைத் திறந்து பார்த்தால் புதிய நிரல் இருக்கும், ஓடுவது பழையதாக இருக்கும். எங்கள் சர்வரில் அப்படி ஒன்றும் இல்லை, ஆனாலும் சைட்-ஃபங்ஷன்ஸ் அடைவில் தொகுத்த வடிவங்கள் கிடக்கின்றனவா என்று ஒரு முறை தேடிப் பார்த்துக்கொண்டேன்.

ரூட் ஷெல் மறுபடியும் அந்தக் கேஷ் அடைவுக்குள் நுழையாமல் தடுப்பதே இறுதி வேலை. 22.04-இல் சூடோ ஹோம் மாறியை ரூட்டுடையதாக மாற்றிவிடுகிறது. ஆனால் சூழல் மாறிகளைக் காக்கும் பெரிய எழுத்து -இ விருப்பத்தோடு அழைப்பவர்கள் இருக்கிறார்கள், மேக்ஓஎஸ்ஸின் இயல்பான சூடோ அமைப்பும் ஹோம் மாறியை விட்டுவைக்கிறது. எனவே இசட்எஸ்எச்ஆர்சி கோப்பில், ஹோம் அடைவு இப்போது ஷெல்லை ஓட்டுபவருக்கே சொந்தமா என்று பெரிய எழுத்து -ஓ சோதனையால் பார்க்கும் ஒரு நிபந்தனையை வைத்தேன். சொந்தமென்றால் கேஷ் அடைவு உருவாக்கப்பட்டு வழக்கமான வேலைகள் நடக்கும். இல்லையென்றால் அடைவும் உருவாகாது. கம்ப்இனிட் பெரிய எழுத்து -டி விருப்பத்தோடு ஓடும், அதாவது டம்ப் எழுதப்படவே மாட்டாது. எப்போதாவது திறக்கப்படும் ரூட் ஷெல் ஒரு நொடி தாமதமாக வருவதில் யாருக்கும் நட்டமில்லை.

-ஐ விருப்பத்தை என்ன செய்வது என்பதில் சிறிது நேரம் பேசினோம். அதன் மௌனம்தான் இரண்டாவது புகாரை இத்தனை காலம் மறைத்தது. ஆனால் அதை நீக்கினால், சூழல் மாறிகளை அறிவதற்காகப் பின்னணியில் இன்டராக்டிவ் ஷெல்லைத் திறக்கும் எடிட்டர்கள், கேள்விக்கு விடை கிடைக்காமல் தொங்கக்கூடும். ஆகவே -ஐ அப்படியே இருக்கட்டும் என்று விட்டு, டம்ப் புதிதாகக் கட்டப்படும் வேளையில் மட்டும், கம்ப்இனிட்டை அழைப்பதற்கு முன்பு கம்ப்ஆடிட்டைத் தனியே ஓட்டி அதன் பட்டியலைப் பிழை வெளியீட்டில் அச்சிடும்படி செய்தேன். டம்ப் கட்டப்பட்டபின் எழுத முடிந்ததா என்பதையும் அங்கேயே சோதித்து, கோப்பு இல்லையென்றால் அடைவின் பெயரையும் உரிமையாளரையும் ஒரு வரியில் சொல்லவைத்தேன். ஹோம் அடைவில் உபுண்டுவின் பொதுக் கோப்பு விட்டுச்சென்ற பழைய இசட்கம்ப்டம்ப்பையும், பாதியில் நின்ற ஷெல்களிலிருந்து ப்ராசஸ் எண்ணோடு தங்கிப்போன தற்காலிகக் கோப்புகளையும் அவரே அழித்துவிட்டார்.